எம்.எச். 370: வரைபடத்தில் இருக்கும் அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

2014இல் காணாமல் போன எம்.எச். 370 விமானத்தைத் தேடுவது பற்றி மலேசிய அரசு ஓர் அறிக்கை விட்டால் போதும், யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் பழைய வரைபடங்கள் எல்லாம் திரும்பச் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்றில் விமானம் மாலைதீவுக்கு மேலால் போகிறது. இன்னொன்றில் அமெரிக்கத் தளம் இருக்கும் டியாகோ கார்சியா தீவில் இறங்குகிறது. அதிகாரபூர்வமான படத்தில் தெற்கு இந்து சமுத்திரத்தில் போய் முடிகிறது. எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு என்று தோன்றிவிடுகிறது. "அவங்களும் ஊகிக்கிறாங்கள், இவங்களும் ஊகிக்கிறாங்கள்" என்பதுதான் பொதுவான முடிவு.

இது பாதி சரி. அதிகாரபூர்வமான கோட்டிலும் ஊகம் இருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் எந்த இடத்தில் அளவீடு முடிந்து ஊகம் தொடங்குகிறது என்பதைக் காட்ட முடியும். அதைப் பிரித்துப் பார்த்தால், எந்தச் சந்தேகம் நியாயமானது, எது வெறும் கதை என்பதும் தெளியும். மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய மலாயன் பென்சனியர் காலத்திலிருந்து கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சொந்தம் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. கோலாலம்பூர் விமானம் நமக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், எவரும் மறுக்காதவை

2014 மார்ச் 8, மலேசிய நேரம் அதிகாலை 12.42. கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் போயிங் 777 ஒன்று புறப்படுகிறது. பயணிகள் 227, பணியாளர் 12, மொத்தம் 239 பேர். 1.07க்கு விமானத்தின் தானியங்கி அறிக்கை ஒன்று வருகிறது. அதன்படி அப்போது மீதமிருந்த எரிபொருள் 43,800 கிலோ. 1.19க்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல். ஓரிரு நிமிடத்தில், மலேசிய வான்பரப்பு முடிந்து வியட்நாம் வான்பரப்பு தொடங்கும் இகாரி என்ற புள்ளியைத் தாண்டியதும், விமானம் கட்டுப்பாட்டாளரின் திரையிலிருந்து மறைகிறது.

திரையிலிருந்து மறைவது வேறு, விழுவது வேறு. விமானத்திலிருக்கும் டிரான்ஸ்பொண்டர் என்ற கருவி, தரையிலிருந்து கேள்வி வரும்போது தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். அந்தப் பதில் நின்றால் சிவில் கட்டுப்பாட்டாளரின் திரையில் பெயரும் நின்றுவிடும். விமானம் பறந்துகொண்டே இருக்கலாம்.

இதற்குப் பிறகு வருகிற பாதையை மூன்று துண்டாகப் பிரிக்க வேண்டும். மூன்றுக்கும் சான்றின் தரம் வேறு வேறு.

முதல் துண்டு: ராடர், 1.21 முதல் 2.22 வரை

இராணுவ ராடர் எவரிடமும் பதில் கேட்பதில்லை. அலையை அனுப்பி, உலோகத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறது. அதில் ஒரு பொருள் தெரியும், பெயர் தெரியாது. மலேசிய இராணுவ ராடரில் தெரிந்த அந்தப் பொருள் இகாரியில் திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டி, பினாங்குக்குத் தெற்காலே வளைந்து, மலாக்கா நீரிணை வழியே வடமேற்காகப் போய், 2.22க்கு ராடர் எல்லையைத் தாண்டியது.

பெயர் இல்லாத பொருளை எம்.எச். 370 என்று எப்படிச் சொல்லலாம்? நல்ல கேள்வி. இரண்டு பதில்கள் உண்டு. பினாங்கை நெருங்கிய நேரத்தில், 1.52க்கு, துணை விமானியின் கைத்தொலைபேசியை அங்கிருந்த கோபுரம் ஒன்று பிடித்திருக்கிறது. அடுத்தது, 2.25க்குச் செய்மதிக்கு வந்த சமிக்ஞை இந்தப் பாதையின் நீட்சியோடு பொருந்துகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கருவிகள் ஒரே இடத்தைக் காட்டுவதால், அந்தப் பொருள் எம்.எச். 370தான் என்பதைச் சந்தேகிக்க அதிகம் இல்லை. உயரத்தைப் பற்றிச் சந்தேகிக்கலாம். தூரத்திலிருக்கும் ராடர் உயரத்தை மோசமாகத்தான் அளக்கும். ஆரம்பச் செய்திகளில் வந்த "45,000 அடிக்கு ஏறியது, பிறகு சடாரென்று இறங்கியது" என்ற கதைகளுக்கு இதைத் தவிர வேறு ஆதாரம் இருந்ததில்லை.

இரண்டாம் துண்டு: ஏழு வளையங்கள்

விமானத்தின் கூரையில் ஒரு செய்மதித் தொடர்புக் கருவி உண்டு. இன்மார்சாட் நிறுவனத்தின் செய்மதி இந்து சமுத்திரத்துக்கு மேலே, நிலநடுக்கோட்டில் கிழக்கு 64.5 பாகையில் நிற்கிறது. அதன் தரைநிலையம் பேர்த்தில். ஒரு மணித்தியாலம் வரை எந்தப் பேச்சும் இல்லையென்றால், "இருக்கிறாயா?" என்று நிலையம் கேட்கும். "இருக்கிறேன்" என்று கருவி சொல்லும். அவ்வளவுதான் உரையாடல். அதில் இடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்று பதிவானவை: 2.25, 3.41, 4.41, 5.41, 6.41, 8.11, கடைசியாக 8.19. இதில் முதலாவதும் கடைசியும் நிலையம் கேட்டு வந்தவை அல்ல, விமானமே இணைப்புக் கேட்டவை. இடையில் 2.39க்கும் 7.13க்கும் தரையிலிருந்து விமானத்துக்குத் தொலைபேசி அழைப்பு போனது. எவரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த அழைப்புகளால் ஒரு மணித்தியாலக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நேரங்கள் ஒழுங்காக இல்லாதது போலத் தெரிவதற்குக் காரணம் இவைதான். இதில் மர்மம் எதுவும் இல்லை.

பதில் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை நிலையம் மைக்ரோ செக்கன் கணக்கில் பதிந்து வைத்தது. இதைக் கால விலகல் என்போம். வானொலி அலையின் வேகம் தெரியும், செய்மதிக்கும் பேர்த்துக்கும் உள்ள தூரம் தெரியும். மிச்சம் வருவது செய்மதிக்கும் விமானத்துக்கும் இடைப்பட்ட தூரம். திசை தெரியாது. கட்டையில் கட்டின மாடு கயிறு இறுகும் மட்டும் போய் நிற்கிறது என்று வையுங்கள்: கயிற்றின் நீளம் தெரிந்தால், மாடு ஒரு வட்டத்தின் மேல் எங்கேயோ நிற்கிறது என்பது தெரியும். எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஒவ்வொரு பதிலுக்கும் இப்படி ஒரு வட்டம். பூமியின் மேல் வரைந்தால் ஏழு வளையங்கள்.

வளையத்தின் பிழை சுமார் 10 கிலோமீற்றர். முழுக் கணக்கிலும் உறுதியான பகுதி இதுதான். விமானம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் நின்றபோது பதிவான எண்களை வைத்துக் கணக்கைச் சரிபார்த்தார்கள். அதே விமானத்தின் முந்தைய பயணங்களிலும் பரிசோதித்தார்கள். பொருந்தியது.

இந்த வளையங்கள் எதை ஒதுக்குகின்றன?

பிரபலமான கதைகளை இங்கேயே அளந்து பார்த்துவிடலாம். கல்குலேட்டர் இருந்தால் போதும்.

1. செய்மதிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து, ஏழு வளையங்களில் மிகச் சிறியதன் தூரமே 3,000 கிலோமீற்றருக்கு மேல். கடைசி வளையம் 5,000 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

2. அதே புள்ளியிலிருந்து மாலே சுமார் 1,100 கிலோமீற்றர். டியாகோ கார்சியா சுமார் 1,200. யாழ்ப்பாணம் சுமார் 2,000. மூன்றும் எல்லா வளையங்களுக்கும் உள்ளே, ஆழமாக உள்ளே.

3. "இரண்டு பதில்களுக்கு இடையில் வந்துவிட்டுத் திரும்பப் போயிருக்கலாமே?" என்று கேட்கலாம். இலங்கைக் கரை வரை வந்து திரும்ப, மிகச் சிறிய வளையத்திலிருந்தே போக ஆயிரம், வர ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். கையில் இருப்பது ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். போயிங் 777 மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர்தான் ஓடும்.

மாலைதீவில் குடஹுவதூ தீவுக்காரர் சிலர் காலையில் தாழப் பறந்த பெரிய விமானத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க வேண்டியதில்லை, ஏதோ ஒரு விமானத்தைக் கண்டிருப்பார்கள். எம்.எச். 370 ஆக இருக்க, ஏழு அளவீடுகளும் ஒரே திசையில், ஒரே நேரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பிழைத்திருக்க வேண்டும். அந்த வாதத்தை வைப்பவர்கள், கோலாலம்பூர் ஓடுபாதையில் நின்றபோது அதே கருவி எப்படிச் சரியாக அளந்தது என்பதையும் விளக்க வேண்டும். இதுவரை விளக்கியவர் இல்லை.

வடக்கா, தெற்கா?

வளையத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று மத்திய ஆசியா நோக்கி, மற்றது தெற்குக் கடல் நோக்கி. இதைப் பிரித்துச் சொன்னது இரண்டாவது எண்: மீடிறன் விலகல். அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பது மீடிறன், அது எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு பிசகியது என்பது விலகல்.

உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு டொப்ளர் விளைவு தெரியும். அலையை அனுப்புபவர் நெருங்கினால் மீடிறன் கூடும், விலகினால் குறையும். விமானத்தின் கருவி இதைத் தானாகவே ஈடுசெய்துதான் அலையை அனுப்பும். அப்படியானால் விலகலே தெரியக்கூடாதே? தெரிந்ததற்குக் காரணம், கருவி இரண்டு விடயங்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒன்று, செய்மதி அசையாமல் நிற்கிறது என்று கருவி நம்புகிறது. உண்மையில் அது பழைய செய்மதி, தன் இடத்தில் வடக்கும் தெற்குமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தின் தடம், வடக்கே போகும் விமானத்தில் ஒரு விதமாகவும் தெற்கே போகும் விமானத்தில் வேறு விதமாகவும் பதியும். பதிவான எண்கள் தெற்கோடு பொருந்தின, வடக்கோடு பொருந்தவில்லை. 2014 மார்ச் 24 அன்று மலேசியப் பிரதமர் தெற்கு இந்து சமுத்திரத்தைச் சொன்னது இதை வைத்துத்தான்.

இரண்டு, விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் கருவி கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே செங்குத்து வேகம் அப்படியே விலகலில் கசிந்துவிடும். இந்தக் கசிவு பின்னால் முக்கியமாகப் போகிறது, ஞாபகத்தில் வையுங்கள்.

வடக்கு, தெற்கு என்று பிரிக்க இந்த எண் போதும். "தெற்கில் எங்கே" என்று கேட்டால் தடுமாறும். சில ஹேர்ட்ஸ் பிசகினாலே முடிவிடம் பல நூறு கிலோமீற்றர் நகர்ந்துவிடும். கருவியில் அலையை உண்டாக்கும் பாகமான அலைவியற்றி சூடு, குளிருக்கு ஏற்ப அந்தளவு பிசகக் கூடியது.

மூன்றாம் துண்டு: கோடு

வளையங்கள் ஏழும் கோடு அல்ல. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு புள்ளியை எடுத்து இணைத்தால்தான் கோடு. எந்தப் புள்ளி என்று தெரிவு செய்ய, விமானம் எப்படிப் பறந்தது என்று முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். மெதுவாகப் பறந்தது என்றால் கோடு கடைசி வளையத்தின் வடக்குப் பக்கத்தைத் தொடும். வேகமாக என்றால் இன்னும் தெற்கே. ஒரே வளையங்கள், ஒரே எண்கள், ஆனால் முடிவிடங்கள் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும்.

ஆகவே அதிகாரபூர்வமான பாதையைக் கேள்வி கேட்க விரும்புகிறவர் கைவைக்க வேண்டிய இடங்கள் இவை:

1. கருவி ஏன் அணைந்து எழுந்தது? 1.07க்குப் பிறகு செய்மதிக் கருவியிடமிருந்து சத்தம் இல்லை. 2.25க்கு விமானமே முந்திக்கொண்டு இணைப்புக் கேட்கிறது. மின்சாரம் நின்று திரும்ப வந்தபோது நடப்பது இது. யார், எதற்காக, எப்படி என்பதற்குப் பதில் இல்லை. கணக்குக்கும் இது முக்கியம். குளிர்ந்து கிடந்து மறுபடி எழுந்த அலைவியற்றி, புறப்படும்போது இருந்த அதே அடிப்படை மீடிறனில்தான் நின்றதா?

2. எப்போது தெற்கே திரும்பியது? 2.22க்கு விமானம் வடமேற்கே போகிறது. 2.39 அழைப்பின் மீடிறன் விலகல், அது தெற்கே போவதைப் போலக் காட்டுகிறது. அப்படியானால் இடைப்பட்ட பதினேழு நிமிடத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். விசாரணையாளர்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான். ஆனால் முன்னே சொன்ன கசிவை இங்கே கொண்டுவாருங்கள். விமானம் வடமேற்காகவே போய்க்கொண்டு அந்த நேரத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். அப்படி நடந்திருந்தால் திரும்பியது பிந்தித்தான், முடிவிடமும் வடக்கே நகரும். முழுப் பாதையிலும் பலவீனமான மூட்டு இது என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு.

3. அதன் பிறகு எவரும் கைவைக்கவில்லையா? நேரான பாதை, மாறாத உயரம், தானியங்கி ஓட்டி: இவை எடுகோள்கள். நியாயமான எடுகோள்கள்தான். வளையங்களின் இடைவெளி சீராக மாறுவது, சீராகப் பறந்த விமானத்தோடு அழகாகப் பொருந்துகிறது. வளைந்து வளைந்து பறந்தும் அதே எண்களை உண்டாக்க முடியும். அதற்கு நிறையத் தற்செயல்கள் வேண்டும், அவ்வளவுதான்.

4. முடிவில் என்ன நடந்தது? 8.19க்கு விமானம் மறுபடி இணைப்புக் கேட்கிறது. எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்று, துணை மின்னாக்கி எழுந்தபோது வந்த கோரிக்கை என்பது விளக்கம். எட்டு செக்கன் இடைவெளியில் வந்த கடைசி இரண்டு மீடிறன் எண்கள், வேகமாகவும் மேலும் மேலும் வேகம் கூடியும் விமானம் விழுந்ததைக் காட்டுகின்றன. இரண்டாவது எண்ணின் கணக்கில் நிமிடத்துக்கு 10,000 அடிக்கும் மேல். அது உண்மையானால் விமானம் வளையத்துக்குக் கிட்டவே விழுந்தது. விழத் தொடங்கிய பிறகு யாராவது நிமிர்த்தி மிதக்கவிட்டிருந்தால், ஏறத்தாழ 100 கடல் மைல் வரை தள்ளிப் போயிருக்கலாம்.

இரண்டாம், நான்காம் கேள்விகள் தேடுபவரை வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. இரண்டாவதில் பிழை என்றால் வளையத்தோடு ஒட்டியே வடக்கே தேட வேண்டும். நான்காவதில் பிழை என்றால் தேடிய அதே அகலக்கோட்டில் வளையத்தை விட்டு வெளியே போக வேண்டும். இரண்டையும் முழுதாகச் செய்யப் பணமும் காணாது, காலமும் காணாது.

ஒரே தரவு, ஓடிக்கொண்டே போன தேடுதல்

கோடு எவ்வளவு இளகியது என்பதைத் தேடுதலின் வரலாறே சொல்லும். 2014 மார்ச் நடுவில் பேர்த்துக்குத் தென்மேற்கே மிகத் தூரத்தில் கப்பல்கள் தேடிக்கொண்டிருந்தன. மார்ச் 28 அன்று தேடும் இடம் 1,100 கிலோமீற்றர் வடகிழக்கே மாற்றப்பட்டது. செய்மதி புதிதாக எதுவும் சொல்லவில்லை. மலாக்கா நீரிணையில் விமானம் கூடிய வேகத்தில் போயிருக்கும், ஆகவே எரிபொருள் முந்தித் தீர்ந்திருக்கும் என்று கணக்கு மாறியது, அவ்வளவே. ஏப்ரலில் கறுப்புப் பெட்டியின் ஒலி கேட்டதாக நம்பி 850 சதுர கிலோமீற்றர் கடலடியைத் துழாவினார்கள். ஒன்றும் இல்லை. பிறகு மீடிறன் கணக்கைத் திருத்தி மறுபடி தெற்கே போனார்கள்.

அவுஸ்திரேலியப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் பின்னர் இதை நிகழ்தகவாக மாற்றினார்கள். ஒரு கோட்டுக்குப் பதிலாக ஏராளமான கோடுகளைக் கணினியில் பறக்கவிட்டு, எண்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எடை போட்டார்கள். ஒரு கோட்டை நம்பச் சொல்வதைவிட இது எவ்வளவோ நேர்மையான வழி. ஆனால் எப்படிப்பட்ட கோடுகளைப் பறக்கவிடுவது என்று தீர்மானிக்கும்போது மேலே சொன்ன எடுகோள்கள் பின்கதவால் உள்ளே வந்துவிடுகின்றன.

அப்படி வரைந்த பரப்பில் 1,20,000 சதுர கிலோமீற்றரைத் தேடி, 2017 ஜனவரி 17 அன்று நிறுத்தினார்கள். 2018இல் ஓஷன் இன்பினிட்டி நிறுவனம் இன்னும் 1,12,000 சதுர கிலோமீற்றரைத் தேடியது. இரண்டையும் கூட்டினால் இலங்கையைப் போல மூன்றரை மடங்கு. 2025 மார்ச்சில் அதே நிறுவனத்தோடு மலேசியா செய்த ஒப்பந்தம் புதிதாக 15,000 சதுர கிலோமீற்றருக்கு. கண்டால்தான் காசு, 7 கோடி அமெரிக்க டொலர்.

கிடைக்கவில்லை என்றால் கணக்குப் பிழையா?

"இவ்வளவு தேடியும் இல்லை, ஆகவே அங்கே இல்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் வாதம். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு.

1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் 55 பேரோடு காணாமல் போனது. பயணித்தவர்களில் பெரும்பாலானவர்கள் நம்மவர்கள். பாதை தெரியும், நேரம் தெரியும், விழுந்த கடலோ ஆழம் குறைந்தது. அப்படியிருந்தும் இரணைதீவுக்கு அப்பால் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டது 2012 ஒக்ரோபரில். எடுத்த உடைகளையும் பொருட்களையும் 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் வைத்து உறவினருக்குக் காட்டினார்கள். இடையில் போர் நடந்தது, தேட விடும் கடலாகவும் அது இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போர் இல்லாத கடலில் எயார் பிரான்ஸ் 447. 2009 ஜூன் 1 அன்று அத்திலாந்திக்கில் விழுந்தது. சிதைவு கிடைத்தது 2011 ஏப்ரலில், கிட்டத்தட்ட 3,900 மீற்றர் ஆழத்தில். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வெறும் 12 கிலோமீற்றர் தூரத்தில்! கறுப்புப் பெட்டியின் ஒலி கேட்கவில்லை, ஆகவே அந்த இடத்தில் இல்லை என்று தீர்மானித்துவிட்டு வேறெங்கோ தேடினார்கள். ஒலிக்கருவி வேலை செய்யவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துத் திரும்பப் பார்த்தபோதுதான் கிடைத்தது.

எம்.எச். 370ஐத் தேடிய கடலடி 4,000 மீற்றருக்கு மேலும் ஆழம், மலையும் பிளவுமாகக் கிடப்பது. ஒலியால் கடலடியைப் பார்க்கும் கருவியான சோனாரை இழுத்துச் சென்றாலும் அது எல்லாச் சரிவையும் பார்ப்பதில்லை. ஆகவே கிடைக்காதது வளையங்களைப் பொய்யாக்கவில்லை. அது எடுகோள்களில் ஒன்றைத்தான் பலவீனமாக்கியிருக்கிறது, எதை என்பதுதான் பிரச்சினை.

மிதந்து வந்த சாட்சிகள்

செய்மதியோடு சம்பந்தமே இல்லாத சான்று இது. 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் கரையில் இறக்கையின் ஒரு பாகம், பிளாப்பரோன், ஒதுங்கியது. பிறகு தன்சானியாவிலும் மொரீஷியஸிலும் கிடைத்த துண்டுகளும் அதே விமானத்தினுடையவை என்று உறுதியாயின. மொசாம்பிக், தென்னாபிரிக்கா, மடகாஸ்கர் கரைகளிலும் பொருந்தக்கூடிய துண்டுகள் கிடைத்தன.

இதிலிருந்து மூன்று முடிவுகள் வரும். விமானம் இந்து சமுத்திரத்தில்தான் விழுந்தது, எந்தத் தளத்திலும் பத்திரமாக நிற்கவில்லை. தன்சானியாவில் கிடைத்தது இறக்கையின் பின்மடிப்பு, இறங்கும்போது வெளியே நீட்டும் பகுதி. அதை ஆராய்ந்தபோது, பிய்ந்த நேரத்தில் அது உள்ளே மடங்கியே இருந்திருக்கும் என்று தெரிந்தது. பக்குவமாகக் கடலில் இறக்க முயன்றிருந்தால் அதை வெளியே நீட்டியிருப்பார்கள். மூன்றாவதாக, அவுஸ்திரேலியக் கரையில் எதுவும் ஒதுங்காமல் எல்லாம் ஆபிரிக்கப் பக்கம் போனதை வைத்து, நீரோட்டக் கணக்குக்காரர்கள் தேடிய பரப்பின் வடக்குப் பக்கத்தைக் காட்டினார்கள். 2016 இறுதியில் நடந்த மீளாய்வு, தேடாத 25,000 சதுர கிலோமீற்றர் ஒன்றைப் பரிந்துரைத்தது. 2018இல் அங்கேயும் தேடினார்கள்.

நீரோட்டம் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது. பதினாறு மாதம் காற்றும் அலையும் தள்ளிய துண்டைப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால் விடை ஒரு பரந்த மங்கலாகத்தான் வரும்.

அமெச்சூர் வானொலிக் கணக்கு

அண்மைய ஆண்டுகளில் யூடியூபில் அதிகம் ஓடுவது இது. உலகெங்கும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற முறையில் மிகக் குறைந்த வலுவில் சமிக்ஞை அனுப்பி, அது எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பதிந்து வைக்கிறார்கள். விமானம் அந்த அலையின் பாதையைக் கடந்தால் பதிவில் சலனம் தெரியும், அதை வைத்து எம்.எச். 370இன் முழுப் பாதையையும் வரையலாம் என்பது வாதம்.

படத்தில் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வானத்து அயன மண்டலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதாலேயே அந்தச் சமிக்ஞைகள் ஏறி இறங்கும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில் ஒரு விமானத்தில் பட்டுச் சிதறும் பங்கு அதற்கு முன்னால் எங்கேயோ காணாமல் போய்விடும். இந்த முறையை உருவாக்கிய, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரே இதை ஏற்கவில்லை. தவிர, ஏராளமான பதிவுகளில் தேடினால் எந்தக் கோட்டுக்கும் பொருத்தமான சலனங்கள் அகப்படும். முறையைச் சோதிக்க ஒரு வழிதான்: பாதை தெரிந்த விமானம் ஒன்றை, விடையைச் சொல்லாமல், கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.

இனிக் கேட்க வேண்டியது

2014 மே 27 அன்று செய்மதிப் பதிவு வெளியானது. நம் ஊர் உயர்தர மாணவன் ஒருவனுக்குக் கூட அதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் சுயாதீன ஆய்வாளர்கள் அப்படிப் பார்த்துத்தான் மேலே சொன்ன கேள்விகளை எழுப்பினார்கள்.

இராணுவ ராடர் பதிவு அப்படி முழுதாக வெளியாகவில்லை. படங்களும் சுருக்கமான விவரிப்புகளும்தான் கிடைத்திருக்கின்றன. 2018 ஜூலையில் வந்த மலேசியாவின் இறுதி அறிக்கையும், காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றதோடு நிற்கிறது.

அந்தப் பதிவு ஏன் வேண்டும் என்றால், 1.07க்கு இருந்த 43,800 கிலோ எரிபொருளில் அடுத்த ஒன்றேகால் மணித்தியாலத்தில் எவ்வளவு எரிந்தது என்பது அந்த நேரத்து வேகத்திலும் உயரத்திலும் தங்கியிருக்கிறது. அது தெரிந்தால் 2.25க்கு மிச்சம் எவ்வளவு என்று தெரியும். மிச்சம் தெரிந்தால், 8.19 வரை தாக்குப்பிடித்த எந்த வேகங்கள் சாத்தியம், எவை சாத்தியமில்லை என்று வெட்டலாம். வேகம் குறுகினால் கடைசி வளையத்தில் தேட வேண்டிய நீளமும் குறுகும். 2014 மார்ச் 28 அன்று கப்பல்களை 1,100 கிலோமீற்றர் நகர்த்தியது இதே எரிபொருள் கணக்குத்தான், அதைச் சரிபார்க்கத் தேவையான எண்கள் கடலடியில் இல்லை, கோலாலம்பூரில் இருக்கின்றன.